ஒன்பது பெயர்கள், வீட்டு இலக்கத்துடன்

ஒக்டோபர் 7, செவ்வாய்

மத்தியானம் வரை வெயில். மூன்றுக்கு மழை. வகுப்பு நேரத்தை யாரோ மழைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

வாசிகசாலை மேல்மாடி. ஒன்பது பேரும் வந்தார்கள். படியில் ஒன்பது குடைகள். ஈர வேட்டி, ஈரச் சேலை, கோடாலித் தைல மணம்.

கொழும்பிலுள்ள சங்கம் இதற்கு வைத்த பெயர் 'முதியோர் கற்கை வட்டம்'. வட்டம் எதுவும் இல்லை. இரண்டு நீள வாங்கு, கால் ஆடும் மேசை, ஒரு கரும்பலகை. செவ்வாயும் சனியும், மூன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்துக்கு மேல் வைக்க முடியாது. இருட்டினால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

நடப்பது சிங்கள எழுத்து வகுப்பு. ஒன்பது பேரும் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். ஓர் எழுத்தும் வாசிக்க வராது. நான் பேராதனையில் இருந்தபோது புத்தகம் வைத்துப் படித்தேன், எதையும் வாசிப்பேன். வாய் திறந்தால் ஒன்பது பேரும் சிரிப்பார்கள்.

காசிம் நானா, மடவளை பஸ்ஸில் முப்பது வருஷம் கொண்டக்டராக இருந்தவர்: "டீச்சர், இந்தச் சிங்களத்தோட எங்கட பஸ்ஸில ஏறினா ஒங்கள கண்டியில எறக்க ஏலா. நேரா மாத்தளைக்குத்தான்."

அவருக்கு வேண்டியது பஸ் பலகைகள் மட்டும். இவ்வளவு காலமும் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் வைத்துத்தான் ஊர் கண்டுபிடித்தாராம்.

சிவப்பிரகாசம் ஐயா (இனி சி. ஐயா) மட்டும் அகர வரிசைப்படி படித்து வருகிறார். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். சிங்களச் சோதனை எழுத மாட்டேன் என்று வேலையை விட்டு வீட்டுக்குப் போனவர். இப்போது எழுபத்து மூன்று வயதில், கோடு போட்ட கொப்பியில் அதே எழுத்து. அழகான கை. ஏன் இப்போது என்று கேட்டேன்.

"அப்ப படி எண்டு சொன்னாங்கள். இப்ப ஒருத்தரும் சொல்லேல்லை."

பாக்கியம் அம்மா (பா.) மாநகரசபையில் தெருப் பெருக்கியவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்கு அ, ஆ எல்லாம் வேணாங்க டீச்சர். என் மவன் பேர்ல என்னென்ன எழுத்து வருதோ அதுலேர்ந்து குடுங்க."

மகன் மனோகரன். கொழும்பில் கடை வேலை. சுற்றிவளைப்பில் பிடித்துப் பத்தொன்பது மாதம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அவ்வப்போது பா.வுக்கு அரசாங்கக் கடிதம் வரும், சிங்களத்தில், தட்டச்சில். வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் பண்டா முதலாளி வாசித்துச் சொல்வார். நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: மகன் சுகம், சீக்கிரம் வருவான்.

"கடுதாசி ஒரு பக்கம் நீளத்துக்கு இருக்குங்க. முதலாளி ஒரே வரியில முடிச்சிடுறாரு."

கொண்டுவாருங்கள், நான் வாசிக்கிறேன் என்றேன்.

"வேணாம். நீங்களும் நல்லவங்கதானே."


ஒக்டோபர் 11, சனி

மூடிய வானம். மழை இல்லை. தலையிடி.

சங்கத்திலிருந்து கடிதம். இணைப்பாளர் எழுதியிருக்கிறார். 'பயன்பெறுவோர் பட்டியல்' மாத முடிவுக்குள் வேண்டுமாம். பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை இலக்கம். இல்லையென்றால் திட்டம் தொடராது. 'தொடராது' என்பதன் கீழே கோடு.

ஒவ்வொருவராகக் கேட்டேன். சங்கத்துக்கு அனுப்பும் பிரதியைப் பிறகு எடுக்கலாம். ஒரு யோசனை வந்தது. பெரிய தாளில், சிங்களத்தில், தடித்த எழுத்தில் அத்தனையும் எழுதி, படியேறி வருகிறவர் கண்ணில் முதலில் படும் சுவரில் ஒட்டினேன். தங்கள் பெயரையும் தெருவையும் தாங்களே தேடி வாசிக்கட்டும் என்று. பாடம் நடத்தத் தொடங்கியதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை.

பா. தன் பெயரைக் கண்டுபிடித்தார். விரலால் தடவினார். பிறகு அந்த வரியின் மறுமுனை வரை விரல் போனது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

காசிம் நானா இன்று ஒரு பகிடியும் விடவில்லை. பல்வலியாக இருக்கும்.

சி. ஐயா சுவரைப் பார்க்கவே இல்லை. நாலேகாலுக்கே எழுந்து போனார்.

வாங்க: வெண்கட்டி, சவர்க்காரம், முத்திரை.


ஒக்டோபர் 14, செவ்வாய்

நல்ல வெயில். நாலு பேர்.

சொல்லியனுப்பிய காரணங்கள்:
முழங்கால்.
கெலிஓயாவில் மகள் வீடு.
கண்ணில் பூ.
'வேற ஒரு அலுவல்'.
சி. ஐயாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

வந்த நாலு பேரும் கடைசி வாங்கில், சுவருக்கு முதுகைக் காட்டி. எழுதச் சொன்னதை எழுதினார்கள். என் உச்சரிப்புக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் விடுவது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

நான் வேகமாகப் போகிறேனோ? வளைவுகளை மிக நுணுக்கமாகத் திருத்துகிறேனோ? வாத்தியார்த்தனம். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிடிக்காத எல்லாரும் என் குரலில் பேசுகிறார்கள்.


ஒக்டோபர் 16, வியாழன்

கொழும்பில் நேற்றுக் குண்டு. பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தி இறக்கினார்கள். தமிழ் அட்டை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். பொலிஸில் பதிந்த துண்டைக் காட்டினேன்: இன்ன வீட்டில், இன்ன அறையில், இன்ன ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவள். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். ஓரம் நைந்துபோகாமலிருக்க.

படித்தவள். பத்திரமாக இருப்பவள்.


ஒக்டோபர் 18, சனி

மழை. ஒருவரும் இல்லை.

இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்தது, மறுபடி துடைத்தேன். குண்டுதான் காரணம் என்று எழுதிவைக்கலாம். ஆனால் குண்டுக்கு முந்திய செவ்வாயன்றும் நாலு பேர்தானே.

அறிக்கையில் எழுத வேண்டியது: வரவு, பூச்சியம்.


ஒக்டோபர் 21, செவ்வாய்

தூறல். பா. மட்டும்.

புதிதாக மூன்று எழுத்து. ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும்போது நான் அவ்வளவு மோசமில்லை. வெண்கட்டியைத் துடைப்பக் கட்டை மாதிரி முஷ்டியால் பிடிப்பார். எழுத்து பலகையில் மேலிருந்து கீழே இறங்குவதில்லை, குப்பையைக் கூட்டுவது போல் பக்கவாட்டில் வரும். ஆனாலும் எழுத்து எழுத்துத்தான்.

"புதுக் கடுதாசி இந்த வாரம் வரும்னு நெனைக்கிறேன். வந்தா மாசக் கடைசிலதான் வரும்."

"அதுக்குள்ள வாசிக்க வருமா அம்மா?"

"நீங்கதான் சொல்லணும். நான் வந்துக்கிட்டு இருக்கேன்ல?"

மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வெண்கட்டித் தூளை ஊதிக்கொண்டே இருந்தார். போகும்போது படியருகில் நின்று, "பேரு இருக்கட்டுங்க. பேரு பரவாயில்ல" என்றார். போய்விட்டார்.

அவர் போன பிறகு சுவர்ப் பட்டியலைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்பது வரியில் ஐந்தில் வீட்டு இலக்கம் இல்லை. யாரோ ஈர விரலால் தேய்த்திருக்கிறார்கள். ஒரே விரல் அல்ல. ஒரு இடத்தில் மெல்லிய கறை, ஒரு இடத்தில் தாள் கிழியும் வரை.


ஒக்டோபர் 22, புதன்

மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் தரிப்பிடம். மடவளை பஸ்ஸுக்குப் பக்கத்தில் காசிம் நானா. வேலையை விட்டு ஏழு வருஷம், இன்னமும் தினம் வந்து நிற்கிறார். என்னைக் கண்டதும் பஸ்ஸின் பின்பக்கம் போகப் பார்த்தார். விடவில்லை.

"நானா, நான் என்ன பிழை செய்தனான்?"

"பிழை ஒண்டும் இல்ல மகள். பேரு எழுதினது சரி. வீட்டு நம்பர் எதுக்கு?"

"சங்கம் கேட்டது."

"சங்கம் கேட்டா சங்கத்துக்குக் குடுங்க. செவத்தில ஏன் ஒட்டினீங்க? அதுவும் சிங்களத்தில. ஆரு வேண்டுமெண்டாலும் வாசிக்கிய மாதிரி."

 அவர் செருப்பால் பஸ்ஸின் டயரைத் தட்டினார்.

"எண்பத்து மூணு கலவரத்தில இந்த எடத்திலதான் நின்டேன். வந்தவனுகள்ட கையில கடுதாசி. எந்தக் கடை, எந்த வீடு, எத்தினையாம் நம்பர். ஒவ்வொண்டாப் பார்த்துப் பார்த்துப் போனானுகள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கல்லும் படல்ல." பிறகு: "மிச்சத்த நான் சொல்ல ஏலா மகள். சிவப்பிரகாசம் ஐயாகிட்டப் போங்க."

கொண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார். நானா பழக்கதோஷத்தில் தானும் ஒருமுறை கூவினார்.


ஒக்டோபர் 23, வியாழன்

சி. ஐயா வீடு. மேட்டில். பின்கட்டு பழைய கல், முன்னறை மட்டும் புதுச் சீமெந்து. இரண்டுக்கும் இடையில் சுவரில் ஒரு கோடு தெரிகிறது. அதை மறைக்க அலுமாரி வைத்திருக்கிறார், போதவில்லை.

தேத்தண்ணி தந்தார். கதிரையில் உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

"வேலையை விட்டாப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிள்ளை. றோட்டில ஆருக்கும் படிவம் எண்டா நான்தான் நிரப்பிக் குடுக்கிறது. வாக்காளர் இடாப்புக்குப் பேர் பதியிற காலத்தில கிராமசேவகர் என்ர வீட்டிலதான் வந்து இருப்பார். எங்கட பக்கத்துத் தமிழ் வீடு முழுக்க, இலக்கம் பிசகாமல், நான் எழுதிக் குடுத்தது. என்ர கையெழுத்து அச்சு மாதிரி எண்டு அவர் சொல்லுவார்."

நான் தேத்தண்ணியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அண்டைக்கு வந்தவங்கள்ள ஒருத்தன் இந்தப் படலையில நிண்டு தாளைப் பார்த்தவன். நான் பின்னுக்கு, உரல் கொட்டிலுக்கை. பலகை நீக்கலாலை தாள் தெரிஞ்சது."

"உங்கட எழுத்தா ஐயா?"

"பார்க்கேல்லை. கண்ணை மூடிப்போட்டன். திறந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

பதினான்கு வருஷம். அதற்குப் பிறகு இந்த ஊரில் எவருடைய விலாசத்தையும் அவர் எழுதியதில்லையாம். தன்னுடையதைக்கூட. மகனுக்குக் கனடாவுக்குக் கடிதம் போட்டால் உறையின் பின்பக்கம் அனுப்புபவர் விலாசம் இல்லாமல் விடுவாராம். போய்ச் சேராவிட்டால் எங்கேயாவது கிடக்கட்டும் என்று.

எழும்பும்போது, "உம்மில பிழை இல்லை" என்றார். எல்லாரும் இதையே சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதால் நம்ப முடியவில்லை.


ஒக்டோபர் 24, வெள்ளி

வேலை எதுவும் ஓடவில்லை.

எண்பத்து மூன்றில் எனக்கு ஒன்பது வயது, யாழ்ப்பாணத்தில். எனக்குத் தெரிந்த பட்டியல்கள் வேறு. நிவாரணப் பட்டியல். அகதி முகாம் பட்டியல். பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் அரிசி. இல்லையென்றால் அப்பா மூன்று நாள் அலைவார். பெயர் விடுபட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் வீட்டில் பிரார்த்தனை. விலாசம் சரியாக, எழுத்துத் தெளிவாக, தெரியும் இடத்தில்.

அதனால் சுவரில் ஒட்டினேன். நல்லது என்று நினைத்து.

ஒரே தாள். எனக்குச் சோறு, அவர்களுக்குத் தீ.

கம்யூனிகேஷன் கடைக்குப் போய்ச் சங்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். விலாசம் தர முடியாது, பெயர் மட்டும் தருகிறேன் என்றேன். இணைப்பாளர் பொறுமையாகப் பேசினார். தங்களுக்கும் மேலே ஓர் இடம் இருக்கிறதாம், அங்கே கேட்பார்களாம். "நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்." பட்டியல் இல்லாமல் அடுத்த மாதம் இல்லை. மாடிப் பூட்டின் திறப்பை முப்பத்தொன்றாம் திகதி ஒப்படைக்கவும்.

சரி என்றேன். சரி என்று சொல்லத்தான் சக்தி இருந்தது.


ஒக்டோபர் 25, சனி

மழை, ஆனால் எட்டுப் பேர். காசிம் நானா வீடு வீடாகப் போயிருக்கிறார். முழங்காலும் வந்தது, கண்ணில் பூவும் வந்தது.

அவர்கள் முன்னால் பட்டியலைச் சுவரிலிருந்து உரித்தேன்.

காசிம் நானா: "இதப் பார்த்து எடுத்த கொப்பி வேற இருக்கா?"

"இல்லை. சங்கத்துக்கும் அனுப்பேல்லை. அனுப்பவும் மாட்டன்."

எரிக்கலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.  பா. எழுந்து, கூரை ஒழுக்குக்கு வைத்திருந்த வாளியைக் காட்டினார். "தண்ணில போடுங்க."

போட்டோம். நீலம் கரைந்து கரைந்து வாளி முழுக்க. பா. கையை விட்டுப் பிசைந்தார், உடுப்புத் துவைப்பது போல. தாள் கூழானது.

பிறகு, செவ்வாயோடு வகுப்பு முடிகிறது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். காசிம் நானா தலையைச் சொறிந்தார். "அப்ப எனக்குக் கலகெதர பஸ் பலகை படிக்கக் கெடைக்காது. போக ஆளும் இல்ல அங்க. பரவாயில்ல."

சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து.

சி. ஐயா சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து, "இன்னும் ஒரு வகுப்பு இருக்குத்தானே பிள்ளை. நேரத்தை விடாதையும்" என்றார்.


ஒக்டோபர் 28, செவ்வாய்

மழை இல்லை. கடைசி நாளுக்கு மட்டும் வானம் மறந்துவிட்டது.

பா. கடிதத்தோடு வந்தார். உறை பிரிக்கப்படவில்லை. முதலாளி கேட்டாராம், இன்றைக்கு வாசிக்க வேண்டாமா என்று. "இல்ல முதலாளி, வகுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

உறையைப் பிரித்து மேசையில் விரித்தார். நான் பக்கத்தில். "நீங்க பார்க்கலாம். சொல்லக் கூடாது."

சொல்லவில்லை. ஆனால் பார்த்தேன். ஒரே மூச்சில் என் கண் கீழே வரை போய்விட்டது. வாசிக்கத் தெரிவதில் இருக்கும் கொடுமை அது.

அவர் முதலில் மகன் பெயரைக் கண்டார். விரலை வைத்தார். உரக்க: "ம-னோ-ஹ-ரன்." வாங்கில் இருந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அடுத்த வரியில் இரண்டு சொல் தெரியவில்லை, தாண்டினார். பிறகு ஒரு சொல். எழுத்து எழுத்தாக, "நி... த... ஹ... ஸ்." நிதஹஸ். விடுதலை. வாயால் அவருக்கு எப்போதும் தெரிந்த சொல்.

காசிம் நானா எழுந்தே விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்!"

"சும்மா இருங்க நானா. இன்னும் இருக்கு."

விரல் நகர்ந்தது. அவருக்கு முன்னால் நான் அந்த வரியின் முடிவில் நின்றுகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு. அவர் வருவதைப் பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக வந்து சேர்ந்தார்.

"முடியாதாம்" என்றார். தமிழில். சாதாரணமாக, தேங்காய் இல்லை என்று சொல்வது போல.

 அவர் அழவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். அதற்குள் நாலாய் மடித்த கடிதங்கள், ஆறு. பழையதிலிருந்து மேசையில் வரிசையாக அடுக்கினார். முதலாவதில் அதே சொல்லைத் தேடினார். இருந்தது. பக்கத்துச் சொல்லும் இருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதை எடுக்கும்போது விரல் தானாக அந்த வரிக்குப் போய்விட்டது.

"பாவம் முதலாளி" என்றார். "எத்தன தடவ வாசிச்சிட்டு எம் மூஞ்சியப் பார்த்திருப்பாரு."

ஐந்தாவது கடிதத்தின் அடியில் ஒரு வரி. அவருக்கு வரவில்லை. என்னைப் பார்த்தார். இப்போது சொல்லலாம் என்பது போல. சொன்னேன்: மனுக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. எழுத்தில். குடும்பத்தார். அது எட்டு மாதத்துக்கு முந்திய கடிதம்.

"யாரும் சொல்லலியே" என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது. உடனே சரியானது. "இப்பக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம்" என்றேன். தெரியாது. ஆனாலும்.

சி. ஐயா முன் வாங்கிலிருந்து எழுந்து வந்தார். கொப்பியின் நடுத்தாளைக் கழற்றினார். அடிமட்டத்தால் பென்சில் கோடு போட்டார், மேலிருந்து கீழ் வரை, அவசரமில்லாமல். நான் வசனம் சொன்னேன், காசிம் நானா என் சிங்களத்தைத் திருத்தினார், ஐயா எழுதினார். அவருடைய முதல் சிங்களக் கடிதம். எழுத்து அச்சு மாதிரி.

மனோகரனின் பெயர். பிடித்த மாதம். தாயின் பெயர். பிறகு பேனை நின்றது.

நானும் அப்போதுதான் கவனித்தேன். மேல் வலது மூலை வெறுமை. அங்கே என்ன எழுத வேண்டும் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். பதில் எங்காவது வந்து சேர வேண்டுமே.

ஐயா தாளைப் பார்த்தபடி இருந்தார். பேனை முனை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே.  

"விலாசம் சொல்லுங்கோ" என்றார், மெல்ல. பாக்கியத்தைப் பார்க்காமல்.

பாக்கியம் திறந்திருந்த யன்னலைப் பார்த்தார். கீழே தெரு, பஸ் சத்தம், சாவடியில் யாரையோ கூப்பிடும் குரல். காசிம் நானா யன்னலைச் சாத்த எழுந்தார்.

"இருக்கட்டும் நானா."

சொன்னார். உரக்க. இலக்கம், தெரு, ஊர்.

ஐயா எழுதினார். நான் இங்கே எழுதவில்லை.